கயிற்றைக் கட்டிவிட்ட கை எது?

விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் ஓடி வருகிறது ஒரு பிள்ளை. எங்கே போயிருந்தாய் என்கிறாள் பாட்டி. சேக்காளி வீட்டுக்கு. எந்தத் தெரு? பிள்ளை தெருவைச் சொல்கிறது. "அங்க தண்ணி கிண்ணி குடிச்சியா?" ஆமாம் என்று தலையாட்டுகிறது. அடி விழவில்லை, ஏச்சும் விழவில்லை. பாட்டி அம்மாவைப் பார்க்கிறாள், அம்மா அடுப்பைப் பார்க்கிறாள். "சரி, போய் மேலு கழுவிட்டு வா" என்று ஒரு குரல் மட்டும் வருகிறது.

சாதி என்ற சொல் அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனாலும் பாடம் நடந்து முடிந்துவிட்டது. அடுத்த முறை அந்தத் தெருவில் தாகம் எடுத்தால் பிள்ளை தன் வீட்டுக்கு ஓடி வந்து குடிக்கும். ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

இப்படிப் பாடம் நடக்கும் வீடுகளிலிருந்துதான் நம் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். பிறகு ஒரு நாள், கூடப் படித்தவனையே வெட்டினான் என்று செய்தி வருகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லிக்கொடுத்ததைப் படித்து ஒப்பித்திருக்கிறார்கள். கண்டிக்கப்பட வேண்டியவர்கள் சொல்லிக்கொடுத்தவர்கள். பெற்றோர், சாதிச் சங்கத்தார், கண்ணெதிரே நடப்பதைக் காணாததுபோல் கடந்துபோகும் ஆசிரியர்கள், அறிக்கை கேட்டு வாங்கிய அரசு ஆகிய நால்வருக்கும் சேர்த்தே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வந்தவர்கள் கூலிப்படையினர் இல்லை, அவன் படித்த பள்ளியிலேயே படித்தவர்கள். பல நாளாக அவனை ஏவல் வேலை செய்யவைத்துத் துன்புறுத்தியிருக்கிறார்கள். பொறுக்கமாட்டாமல் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பள்ளி கூப்பிட்டு விசாரித்தது, நடந்ததை அவன் எழுதிக்கொடுத்தான். அன்றிரவே அரிவாள் வந்தது.

அந்தப் பையன்களின் கோபம் எதன்மேல் என்று யோசிக்க வேண்டும். அவன் அவர்களை அடிக்கவில்லை, வையவில்லை. புகார் எழுதிக்கொடுத்தான், அவ்வளவுதான். நமக்குக் கீழே இருக்க வேண்டியவன் என்று பிறந்தது முதல் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவன் தலை நிமிர்ந்து புகார் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எந்த வீடும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அவனை அடக்கிவை என்று மட்டும் சொல்லித்தந்திருந்தது.

வெட்டுப்பட்ட மாணவன் 2024 பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். ஊரெல்லாம் பாராட்டியது. வெட்டிய சிறுவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கையில் அரிவாள் வரும்வரை அவர்களை ஊட்டி வளர்த்த பெரியவர்கள் எங்கேயும் போகவில்லை. அதே தெருவில், அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். "பையனுக ஏதோ அவசரப்பட்டுட்டானுக" என்று அவர்களால் பேசவும் முடிகிறது.

நாங்குநேரிக்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், அதே மாவட்டத்தில் பாப்பாக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், சாதி அடையாளமாகக் கையில் கட்டிய கயிற்றைப் பற்றிய சண்டையில் அடிபட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் இறந்தான். நாங்குநேரிக்குப் பிறகு, 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனை இறக்கி வெட்டி, கைவிரல்களைத் துண்டித்தார்கள். அவனும் பட்டியல் சமூகத்துப் பையன். கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்திருந்தது. பிடிபட்டவர்கள் சிறார்கள். 'மாணவர் மோதல்' என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகளையும் இங்கே கண்டிக்கிறோம். மோதல் என்றால் இரு பக்கமும் மோதியிருக்க வேண்டும். பரீட்சை அட்டையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவன் யாரோடு மோதினான்?

இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பார்க்காமல் திருத்த முடியாது.

'வா' என்றும் 'வாங்க' என்றும் தமிழில் இரண்டு இருக்கின்றன. எங்கே எதைச் சொல்வது என்பதைப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே வீடு கற்றுக்கொடுத்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்த மாமாவைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளை "வா மாமா" என்றால் "வாங்கன்னு சொல்லணும்" என்று அம்மா உடனே திருத்துகிறாள். ஐந்து வயதில் மறுபடி தவறினால் வாயில் லேசாக ஒரு தட்டு விழுகிறது. நல்லதுதான், மரியாதை பழக வேண்டும். அதே பிள்ளை, தோட்ட வேலைக்கு வந்த அறுபது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "இங்க வா" என்கிறது. அம்மா காதில் விழுகிறது, அவள் திருத்தவில்லை. தாத்தா காதில் விழுகிறது, அவர் சிரிக்கிறார். அந்தப் பெரியவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு "என்ன சின்னய்யா" என்று வந்து நிற்கிறார்.

இதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு மனுநீதியை எடுத்துப் பாடம் நடத்தத் தேவையில்லை. வயதுக்கு மரியாதை என்பது பொது விதி, அந்த விதி செல்லாத மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் வாயால் சொல்வதைப் பிள்ளைகள் பாதிதான் கேட்கிறார்கள். எங்கே திருத்துகிறோம், எங்கே திருத்தாமல் விடுகிறோம் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் கவனிக்கிறார்கள்.

அந்தப் பெரியவரோடு அவர் பேரனும் வந்திருப்பான். சின்னய்யாவுக்கும் அவனுக்கும் ஒரே வயது இருக்கும். அதே நொடியில் அவனுக்கும் ஒரு பாடம் நடக்கிறது. வீட்டில் தன்னை அதட்டும் தாத்தா, தன் பாட்டியை அதட்டும் தாத்தா, இங்கே தன் வயதுப் பொடியன் முன்னால் துண்டை எடுத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் தாத்தாவிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்கக் கூடாதது என்று அவனுக்கும் புரிந்துவிடுகிறது. இந்த இரண்டு பையன்களும் மறுநாள் ஒரே வகுப்பில் வந்து உட்காருவார்கள்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் நடந்ததைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. பட்டியல் சமூகப் பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் காசோடு பெட்டிக்கடைக்கு வருகிறார்கள். உங்களுக்குக் கொடுக்கக் கூடாது, ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன கட்டுப்பாடு என்று ஒரு குழந்தை கேட்கிறது. அந்தக் காணொளியை எடுத்துப் பரப்பியவர்கள் கடைக்காரர் பக்கத்து ஆட்களேதான். அம்பலப்படுத்த அதை எடுக்கவில்லை, பெருமைக்காக எடுத்தார்கள். வழக்குப் பதிவானது, கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியான நடவடிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் கடைக்கு முன்னால் மற்றத் தெருப் பிள்ளைகளும் மிட்டாய் வாங்க வந்து நின்றிருப்பார்களே! அவர்கள் கையில் மிட்டாய் விழுந்தது, அடுத்த கையில் விழவில்லை. அதைப் பார்த்த கண்ணுக்கு எந்த நீதிமன்றம் என்ன உத்தரவு போட முடியும்?

இனி கயிற்றுக்கு வருவோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு கூட்டத்துக்கு ஒரு நிறம், இரண்டு நிறம் சேர்ந்த கயிறும் உண்டு. ஆறாம் வகுப்பில் சேரும்போது வெறுங்கையோடு வரும் பையன் எட்டாம் வகுப்புக்குள் கயிற்றோடு வருகிறான். கயிறு இல்லாதவனுக்கு இடைவேளையில் கூட்டு இல்லை, அடி விழுந்தால் கேட்க ஆளில்லை. மைதானத்தில் அணி பிரிப்பதற்கும் அதே நிறம்தான். நெற்றிப் பொட்டிலும், சைக்கிளில் பூசிய பெயின்டிலும், பனியனிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அந்த நிறம் தொடர்கிறது. 2015-லேயே நெல்லைப் பள்ளிகளின் கயிறு செய்தியாகி, தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2019-இல் பள்ளிக் கல்வித் துறை, இப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கும்படி சுற்றறிக்கை விட்டது. அதிகாரி கையெழுத்திட்ட மை காயுமுன் எதிர்ப்புக் கிளம்பியது. சுற்றறிக்கை தமக்குத் தெரியாமல் போய்விட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் கைகழுவிக்கொண்டார். மூன்றே ஆண்டில் பாப்பாக்குடியில் ஒரு பையன் செத்தான். அந்தச் சுற்றறிக்கையை நடைமுறைப்படுத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்பது நமக்குத் தெரியாது. பின்வாங்கியது கோழைத்தனம் என்று சொல்ல அது தெரிய வேண்டியதில்லை.

கோயில் கயிறு கட்டக் கூடாதா, பொட்டு வைக்கக் கூடாதா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்தியோடு கட்டும் கயிற்றில் நமக்கு ஒரு சண்டையும் இல்லை. எது திருச்செந்தூரில் மந்திரித்துக் கட்டியது, எது 'நம்மாளு' என்று காட்டக் கட்டியது என்பது அந்த ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அரசியல் நடத்தும் பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்கிறார்கள். சாமியின் முதுகுக்குப் பின்னால் சாதியை ஒளித்துவைக்கும் இந்த வேலையை அவர்கள் நிறுத்த வேண்டும்.

பல பள்ளிகள் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் கத்தரிக்கோல். காலை வணக்கக் கூட்டத்தில் பையனை முன்னால் கூப்பிட்டுக் கயிற்றை வெட்டி எறிகிறார்கள். மறுநாள் புதுக் கயிற்றோடு, முன்பைவிட நிமிர்ந்த நெஞ்சோடு வருகிறான். அந்த மணிக்கட்டை ஒரு தரம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிச்சு கையின் உள்பக்கம் இருக்கும், இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிப் போட்டிருக்கும். ஒரு கையால் தன் மணிக்கட்டில் அப்படி முடிச்சுப் போட யாராலும் முடியாது. இன்னொருவர் போட்டது அது. அண்ணனோ சித்தப்பாவோ சங்கத்துப் பொறுப்பாளரோ தெருமுனையில் நிற்கும் 'தலைவரோ' போட்டிருக்க வேண்டும். பையனை முன்னால் கூப்பிடும் பள்ளி, முடிச்சுப் போட்ட கையை ஏன் கூப்பிடவில்லை? கூப்பிடப் பயம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசலாம், தலைமுடி பேசலாம், செல்போன் பேசலாம், இதைப் பேசக் கூடாது. பேசினால் பத்துப் பேர் வண்டியில் வந்து நிற்பார்கள் என்ற பயம். அந்தப் பயமும் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தலைமையாசிரியரே பயப்படும் ஒன்று தன் கையில் இருக்கிறது என்பதைவிடப் பதினாலு வயதுக்கு வேறென்ன கெத்து வேண்டும்?

ஆசிரியர்களைக் கண்டிக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் சொந்தப் பணத்தைப் போட்டு, மிரட்டலைத் தாங்கி, இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துச் சோறு போடும் ஆசிரியர்கள் தெற்கு மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம். அவர்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்கும் மற்றவர்களுக்குத்தான் இது. உதவித்தொகைப் படிவம் வந்ததும் வகுப்பு நடுவில் "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்கிறீர்களே, அந்த அரை நிமிடம் என்ன செய்கிறது என்று நினைத்ததுண்டா? ஆறு பேர் எழுந்து நிற்கிறார்கள், முப்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதுவரை வெறும் பெஞ்சாக இருந்தது அன்றிலிருந்து வேறாகிவிடுகிறது. வகுப்பைக் கூட்ட யாரைக் கூப்பிடுகிறீர்கள், கழிவறைக்குத் தண்ணீர் ஊற்ற யாரைக் கூப்பிடுகிறீர்கள், விருந்தினருக்குக் காபி எடுத்துவர யாரை அனுப்புகிறீர்கள் என்பதை ஒரு வாரம் எழுதிவைத்துப் பாருங்கள். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சமூகப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்ததற்காகத் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். காய்ச்சலில் விழுந்த ஒரு குழந்தையால் அது வெளியே வந்தது. காய்ச்சல் வராத பள்ளிகளில் என்ன நடக்கிறது?

சோற்றில் நடப்பது இன்னும் கொடியது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. ஒரே மாதத்தில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலும் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும், சமைப்பவர் பட்டியல் சமூகப் பெண் என்பதால் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் இதே காரணத்துக்காகச் சத்துணவுச் சமையலரை மாற்றச் சொல்லிப் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். பசியோடு வந்த ஆறு வயதுப் பிள்ளையின் முன்னால் ஆவி பறக்க உப்புமா இருக்கிறது. அதன் மூக்கு வேண்டும் என்கிறது, வயிறு வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று சொல்லும்படி வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பசியைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பெற்றோரை எந்தச் சொல்லால் கண்டிப்பது என்று தெரியவில்லை. பிள்ளையைப் பட்டினி போட்டு வளர்த்த சாதி அது.

சாதிச் சங்கங்கள் இந்த வேலையை மாலையும் மேடையும் போட்டுச் செய்கின்றன. மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் 'நமது சமுதாய மாணவ மாணவியருக்குப் பாராட்டு விழா' என்று ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் முளைக்கிறது. ராத்திரி கண்விழித்துப் படித்து எடுத்த 580 மதிப்பெண்ணை, மேடையில் கேடயத்தோடு சேர்த்துச் சாதிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். கூடப் படித்து 585 எடுத்த தோழி அந்த மேடைக்குக் கீழே கூட நிற்க முடியாது. காதுகுத்து ஃப்ளெக்ஸில் கைக்குழந்தையின் படத்துக்குப் பின்னால் வாள் ஏந்திய தலைவர் நிற்கிறார். குருபூஜைக்கும் ஜெயந்திக்கும் வேனின் மேற்கூரையில் பத்து வயதுப் பையனை ஏற்றிவிட்டுக் கீழே அப்பன் கைதட்டுகிறான். அந்த வேன் எந்தத் தெருவழியாகப் போகும்போது பாட்டின் சத்தம் கூட்டப்படுகிறது என்பது பையனுக்குத் தெரியும். தலைவர்கள் பிறந்தநாளைக் கொண்டாடட்டும். பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பிள்ளைகூட அந்த ஊர்வலத்தில் இருக்கக் கூடாது என்று தடை போட வேண்டும். இதைச் சொல்ல எந்தக் கட்சிக்கும் நா எழவில்லை. ஏனென்றால் மேற்கூரையில் நிற்கும் பையன் எட்டு வருடத்தில் வாக்காளன்.

பெண்பிள்ளைகளுக்கு நடக்கும் பாடம் வேறு மாதிரி. வயதுக்கு வந்த நாள் முதல் அவள் தன் உடம்பில் குலத்தின் மானத்தைச் சுமக்கிறாள் என்று சொல்லப்படுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவள் தம்பிக்குச் சொல்லப்படுவது. "அக்கா யார்கூடப் பேசுறா, எந்த பஸ்ல வாறா, பார்த்துக்கோடா." பன்னிரண்டு வயதில் அவனுக்குக் கிடைக்கும் முதல் ஆண்பிள்ளை உத்தியோகம் அது, அக்காவுக்குக் காவல். அதை அவன் பெருமையாகச் செய்கிறான். 2016-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி மாறி மணந்த ஓர் இளைஞனை மனைவியின் கண்முன்னே வெட்டிக் கொன்றார்கள். 2025 ஜூலை 27-இல் பாளையங்கோட்டையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த பட்டியல் சமூக இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோது கைதானவர்களில் அவரோடு பழகிய பெண்ணின் உடன்பிறந்தவரும் இருந்தார். வழக்கு நடக்கிறது, தீர்ப்பை நீதிமன்றம் சொல்லும். ஆனால் பையனைக் காவல் வேலைக்கு நியமித்துவிட்டு, அவன் ஒரு நாள் அரிவாளோடு வந்து நிற்கும்போது அதிர்ச்சி அடைவதாகச் சொல்லும் குடும்பங்களைக் கண்டிக்க எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் புதிதும் இல்லை. இதே திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி இருந்தது. தேசபக்தி ஊட்டத் தொடங்கிய பள்ளி அது. காங்கிரஸ் கட்சி நன்கொடைக்கு ஒப்புக்கொண்ட 10,000 ரூபாயில் 5,000 கொடுத்தும் இருந்தது. அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வீட்டில் வந்து சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைத் தமிழ்நாட்டுப் பிரச்சினையாக்கினார்கள். 1924, 25-இல் நடந்த அந்தப் போராட்டத்துக்கு நூறு வயது. இத்தனை பெரிய தலைவர்கள் மோதிய அந்தப் பந்தி எங்கிருந்து வெளியே வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் தன் அப்பாவிடம் சொன்னான், அப்பா காது கொடுத்துக் கேட்டார். நூறு வருடம் கழித்து அதே மண்ணில் ஒரு பையன் எழுதிக்கொடுத்தான். அவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தோம்.

அரசுக்கு வருவோம். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18-இல் அவர் அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல். பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்கு, கயிறு மோதிரம் பொட்டு போன்ற அடையாளங்களைத் தடைசெய், அகர வரிசையில் உட்காரவை, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காதே, எந்தச் சாதி ஓங்கியிருக்கிறதோ அந்த வட்டாரத்தில் அதே சாதியைச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடாதே, 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு நல அலுவலர் ஒருவரை நியமி, சமூகநீதி மாணவர் படை அமை, இவற்றுக்கெல்லாம் தனிச் சட்டம் கொண்டுவா என்று அதில் சொல்லியிருக்கிறது. படித்தால், ஒரு மனிதர் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்து நடந்து பார்த்து எழுதியது என்று தெரியும். சாதி அடையாளத்தோடு பெயின்ட் அடித்த சைக்கிளைக்கூட அவர் விடவில்லை.

இந்த அறிக்கையை இந்து சமயத்துக்கு எதிரானது என்று தூற்றியவர்கள் அதைப் படித்தார்களா என்பது சந்தேகம். அவர்களை விடுங்கள். வரவேற்று வாங்கிக்கொண்ட அரசு என்ன செய்தது? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் நல்லது, மனதார வரவேற்கிறோம். பெயர்ப் பலகை எழுத ஓர் ஓவியரும் ஒரு டின் பெயின்டும் போதும். தலைமையாசிரியரை இடம் மாற்ற, சாதி ஓங்கிய வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினரைப் பகைத்துக்கொள்ள வேண்டும். எது முதலில் நடந்தது என்பதில் இருக்கிறது அரசின் மனசு. ஆட்சியில் யார் இருந்தாலும் இதையேதான் சொல்வோம், ஏனென்றால் 2015-இலும் 2019-இலும் 2023-இலும் நாற்காலியில் இருந்தவர்கள் ஒரே கட்சியினர் இல்லை.

ஆகவே கேட்கிறோம். சந்துரு அறிக்கையில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பரிந்துரை வாரியாகச் சட்டமன்றத்தில் வையுங்கள். தனிச் சட்டத்துக்கான மசோதாவை இனியும் தள்ளிப்போடாதீர்கள். புகார் எழுதிக்கொடுக்கும் பிள்ளையின் பெயர் பள்ளிச் சுவரைத் தாண்டாமல் இருக்கவும், அன்றிரவு அந்த வீட்டு வாசலில் போலீஸ் நிற்கவும் நடைமுறை வேண்டும். நாங்குநேரியிலிருந்து கற்க வேண்டிய முதல் பாடம் அது, அறிக்கை கூடத் தேவையில்லை. கயிறு கண்டால் பெற்றோரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கட்டிவிட்டவர் சங்கத்துக்காரர் என்றால் வழக்குப் போடுங்கள். காலை உணவைப் பிள்ளைக்குத் தடுப்பவர்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று கரூரில் ஆட்சியர் எச்சரித்ததும் காரியம் நடந்தது. மற்ற மாவட்டங்களில் அதே சட்டப் புத்தகம்தானே இருக்கிறது?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரைக் கூட்டுங்கள். இரண்டு தெருப் பெற்றோரும் ஒரே கூடத்தில், அகர வரிசையில் உட்காரட்டும். பிள்ளைகளை உட்காரச் சொல்லும் வரிசையில் முதலில் பெற்றோர் உட்கார்ந்து காட்ட வேண்டும். எந்தப் பள்ளியில் அது நடக்கவில்லை, யார் எழுந்து போனார்கள், எந்த அதிகாரி பேசாமல் இருந்தார் என்ற பட்டியலை அந்த மாதம் முடிவதற்குள் மாவட்ட ஆட்சியர் தன் கையெழுத்தோடு வெளியிட வேண்டும். வெளியிடாத ஆட்சியரின் பெயரை இந்தப் பக்கத்தில் நாம் வெளியிடுவோம்.